சுடாத கைகள்

எங்கள் பேரூராட்சிக்கும் மாவட்டத்துக்கும் ஒத்துழைப்பு ஏற்படுவதற்கு முன்னால் வேலைகள் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தன. குழாய் உடைந்தால் ஆள் வந்து ஒட்டினான். தெருவிளக்கு எரியாவிட்டால் நாலு பேர் வந்து என்னைத் திட்டினார்கள், மறுநாள் எரிந்தது. இதற்கெல்லாம் ஒரு கூட்டம் தேவை என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்காகப் பிறகு பலமுறை வருத்தம் தெரிவித்திருக்கிறோம், எழுத்து மூலமாக.

என் பெயர் அமுதவள்ளி. கொளஞ்சிப்பேட்டைப் பேரூராட்சித் தலைவர். விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிஷத்தில் எங்கள் ஊர். விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஊர் என்று பேர். அந்தப் பேரில் எங்கள் ஊர்ப் பொம்மைக் கொட்டகைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தலைவர் ஆவதற்கு முன் பதினோரு வருஷம் மாணிக்கவேல் அண்ணன் கொட்டகையில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது கொட்டகைப் பெண்கள் நாற்பத்தாறு பேரும் சேர்ந்து என்னை நிறுத்தினார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான். கொட்டகைக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். முன்பு கொட்டகைக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தது. அதை வெட்டி மனை போட்டுக் கலர் கொடி நட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பெண்கள் விடியற்காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் பொழுது சாய்ந்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலில் சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கு ஒட்டிக்கொள்ள, கை நடுங்காமல் கண் எழுதுவதை நாங்கள் ஒரு திறமையாகவே வளர்த்து வைத்திருந்தோம்.

பதவிக்கு வந்த எட்டாவது மாதம் கழிப்பறை கட்டி முடிந்தது. நாலு அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவுகள். தாழ்ப்பாளை நானே நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். மறுநாள் திறந்துவிடலாம் என்று இருந்தபோது எங்கள் செயல் அலுவலர் ராஜாங்கம் ஒரு கடிதத்தோடு வந்தார். ராஜாங்கம் நல்ல மனிதர். கடிதத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு வியர்க்கும்.

“தலைவரம்மா, இந்த வேலைய மாவட்டத்துல கைகோப்புத் திட்டத்துல சேத்துட்டாங்க” என்றார். “இனிமே நாம மட்டும் தொறக்க முடியாதுங்க. அவங்களும் நாமளும் சேந்துதான் தொறக்கணும்.”

“சேந்து தொறக்கறது நல்லதுதானே சார்.”

“நல்லதுதாங்க” என்றார் ராஜாங்கம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

கைகோப்புத் திட்டத்தின் முதல் கூட்டத்துக்குப் போனேன். என்னையும் சேர்த்து ஒன்பது சின்ன ஊர்களின் தலைவர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெயர்ப் பலகை, ஒரு பூச்செண்டு, ஒரு பேனா கொடுத்தார்கள். எழுதிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் வந்தவர்களை வரவேற்றார்கள். அடுத்த ஒரு மணி நேரம் வரவேற்றவர்களுக்கு நன்றி சொன்னார்கள். பிறகு கைகோப்பு அலுவலர் சக்கரபாணி எழுந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சாந்தமான முகம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

“ஒத்துழைப்புன்னா பல பேருக்குத் தப்பான எண்ணம் இருக்குது” என்று ஆரம்பித்தார். “நாங்க சொல்றத நீங்க கேக்கறது, நீங்க சொல்றத நாங்க கேக்கறதுன்னு நினைக்கிறாங்க. அது பேச்சுவார்த்தை. ஒத்துழைப்பு அப்படி இல்ல. நாங்க முடிவு பண்றதை, நீங்க கேட்டுக்கிட்டதாக நாங்களே எழுதிக்குவோம். கீழ உங்க கையெழுத்து இருக்கும். விருப்பம் இல்லாம கையெழுத்துப் போட்டா அது கட்டாயம். கட்டாயம் எங்களுக்குப் பிடிக்காது. அதனால தயவுசெஞ்சு விருப்பத்தோட போடுங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, “சார், எங்க ஊர்ல கழிப்பறை கட்டி முடிஞ்சி இருக்குது. எப்பத் தொறக்கலாங்க?” என்று கேட்டேன்.

“ரொம்ப நல்ல கேள்வி” என்றார் சக்கரபாணி. “இந்த மாதிரி கேள்வி கேக்கற தலைவர்கள்தான் எங்களுக்கு வேணும். இதை அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வெச்சிக்கலாம்.”

அதற்கும் கை தட்டினார்கள். என் கேள்வியைத் தள்ளிப் போட்டதற்கு நானும் தட்டினேன். கொட்டகையில் யாராவது என்னை அப்படி ஏமாற்றியிருந்தால் பொம்மையை எடுத்து வீசியிருப்பேன். அங்கே குளிர்பதன அறையில் ஏனோ பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் விஷயம் வந்தது. கைகோப்புத் திட்டத்தில் சேர்ந்த எந்தக் கட்டடத்தின் வாசலிலும் திட்டத்தின் சின்னம் இருக்க வேண்டும். கோத்த இரண்டு கைகள், மூன்றடி உயரம், உள்ளூர்ப் பொருளில் செய்தது. சின்னம் இல்லாமல் திறந்தால் அது திறந்ததாகக் கருதப்படாது. உள்ளூர்ப் பொருள் என்றால் எங்களுக்கு வேறென்ன, பீங்கான்தான். மாணிக்கவேல் அண்ணனிடம் சொன்னேன். அவர் மூன்று நாளில் இரண்டு கைகளைக் குலுக்குகிற மாதிரி களிமண்ணில் செய்துவிட்டார். நகம், ரேகை எல்லாம் இருந்தது.

சக்கரபாணி வந்து அதை மூன்று சுற்று சுற்றினார். “இதுல மாவட்டக் கை எது?”

“ரெண்டும் கைதானுங்க” என்றார் மாணிக்கவேல்.

“அப்படி விட முடியாதுங்க. பார்க்கறவங்களுக்குக் குழப்பம் வரும்.”

மாவட்டக் கைக்கு முழுக்கைச் சட்டையும் கடிகாரமும் வைத்தோம். ஊர்க் கை வெறுமையாக இருந்தது. ஊரின் தலைவர் பெண் என்பதால் அதற்கு இரண்டு வளையல் போடச் சொன்னார்கள். போட்டோம். இரண்டு வாரம் கழித்துச் சக்கரபாணி வந்து பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. என்னைத் தனியே அழைத்தார்.

“ஒரு ஆம்பள அலுவலர் கையும் ஒரு லேடி கையும் இப்படிப் பிடிச்சிக்கிட்டு, அதுவும் கழிப்பறை வாசல்ல. நாளைக்கு யாராவது போட்டோ எடுத்துப் போட்டா உங்களுக்குத்தாம்மா கெட்ட பேரு. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

அதனால் இரண்டு கைகளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுவது என்று முடிவாயிற்று. ஒத்துழைப்பின் சின்னத்தில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதை நான் விருப்பத்தோடு கேட்டுக்கொண்டதாக எழுதி வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சுட்டோம். சூளையிலிருந்து எடுத்தபோது கைகள் வெள்ளை வெளேரென்று, பளபளவென்று இருந்தன. சக்கரபாணி நாடா எடுத்து அளந்தார். மூன்றடிக்கு நாலு அங்குலம் குறைவாக இருந்தது.

“மீதி எங்கங்க?” என்று கேட்டார்.

“சூளைல சுருங்கிப்போச்சுங்க” என்றார் மாணிக்கவேல். “மண்ணுல இருக்கற தண்ணி போவுதில்லிங்களா. பீங்கான்னா அப்பிடித்தாங்க. பத்துக்கு ஒண்ணு சுருங்கும்.”

“அனுமதி மூணு அடிக்கு. சுருக்கத்துக்கு யாரு அனுமதி குடுத்தது?”

மாணிக்கவேல் அண்ணன் முப்பது வருஷமாக மண்ணைச் சுட்டுக்கொண்டிருப்பவர். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. என்னைப் பார்த்தார். நான் ராஜாங்கத்தைப் பார்த்தேன். ராஜாங்கம் கழுத்தைத் துடைத்தார்.

அடுத்த முறை நாலு அங்குலம் கூட்டி மூன்றடி நாலாக மண்ணில் செய்தோம், சுட்டால் சரியாக வரும் என்று. ஆனால் சுடுவதற்கு முன் ஒரு ஆய்வு உண்டு. அந்த ஆய்வில் அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பெரிது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு ஆய்விலும் மூன்றடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. மண் சுருங்கும் என்பதை விளக்கி ராஜாங்கம் ஒன்றரைப் பக்கம் எழுதினார். பதினெட்டு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. ‘சுருங்காத மண் வாங்கிப் பயன்படுத்தவும்.’

இதற்குள் ஆவணி வந்துவிட்டது. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கொட்டகைப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள், “எப்பம்மா தொறக்கறீங்க?” நான், “கை வரணும்” என்பேன். “எந்தக் கை?” என்பார்கள். விளக்குவதற்குள் எனக்கே அழுகை வரும்போல இருக்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யாருடையது என்று சொல்லிவிடுகிறேன், என்னுடையதுதான். சுட்டால்தானே சுருங்கும், சுடவே வேண்டாம். பச்சை மண்ணிலேயே செய்து, வெயிலில் காயவிட்டு, காய்ந்ததில் குறைகிற அரை அங்குலத்தை ஈர மண் பூசிச் சரிக்கட்டி, மேலே வெள்ளைப் பெயின்ட் மூன்று கோட் அடித்தால் எந்த ஆய்விலும் மூன்றடி. பதினோரு வருஷம் பொம்மைக்குக் கண் எழுதியவள், சுட்டதற்கும் சுடாததற்கும் வித்தியாசம் தெரியாமல் பெயின்ட் அடிக்க எனக்குத் தெரியாதா. நானே உட்கார்ந்து அடித்தேன். சக்கரபாணி வந்து அளந்தார், தட்டிப் பார்க்கவில்லை. “இதான் ஒத்துழைப்பு. மனசு வெச்சா முடியும்னு சொன்னேன் இல்ல?” என்றார். அன்று முழுதும் எனக்குத் தரையில் கால் படவில்லை.

மாணிக்கவேல் மட்டும் சிரிக்கவில்லை. “அமுதா, பச்ச மண்ணு. தண்ணி பட்டா கரைஞ்சிடும். நாப்பது பொம்பளைங்க வாளியும் கையுமா போயிட்டு வர்ற வாசல் அது.”

“தொறப்பு விழா வரைக்குந்தானேண்ணே. அப்புறம் கரைஞ்சா கரையட்டும்.”

“அது வரைக்கும்?”

அது வரைக்கும் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொன்னேன். தொட்டிக்கு வருகிற குழாயை அடைத்தோம். வாசலுக்குப் பெரிய பூட்டு வாங்கினோம். சின்னத்துக்கு மேலே தகரப் பந்தல் போட்டோம், மழை பட்டுவிடக் கூடாதே. பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிற கொட்டகைக் கூரையில் நாலு இடத்தில் ஓட்டை. அது திட்டத்தில் இல்லை. பூட்டின் சாவி என் கைப்பையில் இருந்தது. யாரும் என்னிடம் கொடுத்து வைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாளன்று திறந்து வைக்க வேண்டியவருக்கு வேறு ஊரில் வேறு திறப்பு. இரண்டாவது நாள் தேய்பிறை என்று கடைசி நேரத்தில் யாரோ சொன்னார்கள். மூன்றாவது நாளன்று சக்கரபாணிக்கு, வேலைகளைத் தாமதமில்லாமல் முடிப்பது எப்படி என்று ஒரு வாரப் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் தோரணம் கட்டினோம், அவிழ்த்தோம். தோரணம் கட்டுகிறவர் கயிற்றை அவிழ்க்காமல் சுருட்டி வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

பூவாயியக்கா வந்தது மூன்றாவது நாள் தள்ளிப்போன வாரத்தில். கொட்டகையில் என் பக்கத்து மணையில் உட்கார்ந்து பதினோரு வருஷமும் உதடு எழுதியவள். கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், புருஷனும் போய், அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். தேர்தலில் எனக்காக வீடு வீடாகப் போனவள். நான் பேரூராட்சி அலுவலகத்தில் என் நாற்காலியில் இருந்தேன். அவள் உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“அமுதா, அந்தச் சாவியக் கொஞ்சம் குடு புள்ள” என்றாள். “ஒரே கடுப்பா இருக்குது. நாலு நாளா எரியுது. ஒரு தடவ போயிட்டு வந்துடறேன். பூட்டிக் குடுத்துடறேன்.”

“அக்கா, தண்ணி இல்லக்கா உள்ள.”

“நான் பாட்டில்ல கொண்டாறேன். ஒரு சொட்டு வெளிய விடமாட்டேன்.”

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது. ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள், ஈரக் காலோடு நடப்பார்கள், வெள்ளைப் பெயின்ட் உரியும், அளவு குறையும், நாலாவதாகக் குறித்த நாளும் போய்விடும், சக்கரபாணி முகத்தில் எப்படி விழிப்பது என்று வரிசையாக ஓடியது. பூவாயியின் முகம் எதிரேதான் இருந்தது. அது அந்த வரிசையில் இல்லை.

“வர்ற திங்கக்கெழமை தொறந்துடுவாங்கக்கா. நாலு நாளு. எல்லாருக்காகவும்தானே சொல்றேன். கொஞ்சம் ஒத்துழைப்பு குடுக்கா.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. சக்கரபாணி சொல்கிற அதே சாந்தத்தோடு வந்தது.

“சரிங்க” என்றாள் பூவாயி. “போயிட்டு வரேங்க.”

பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் ‘ங்க’ போட்டதில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமையும் திறக்கவில்லை; சக்கரபாணியின் பயிற்சியை மூன்று நாள் நீட்டித்துவிட்டார்கள். புதன்கிழமை மாணிக்கவேல் போன் செய்தார். பூவாயி கொட்டகையிலேயே காய்ச்சலில் விழுந்துவிட்டாள், விருத்தாசலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மறுநாள் காலையில் போனேன். டாக்டரம்மா, சிறுநீரில் கிருமி, கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது, இவ்வளவு நாள் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பார்களா, படித்தவர்கள் யாரும் ஊரில் இல்லையா என்று கேட்டார். கூட வந்திருப்பது யார் என்று கேட்டதற்கு, தெரிந்தவள் என்று சொன்னேன். தலைவர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பூவாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி. முகம் தெளிந்திருந்தது. என்னைத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

“இங்க நல்லா இருக்குதுங்க” என்றாள். “கட்டிலுக்கு நாலடில கக்கூஸு. கதவு சாத்திக்கலாம். இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்கிறேன். காலைலேருந்து ரெண்டு செம்பு ஆச்சு. இன்னும் நாலு நாள் இருக்கணுமாம். இருக்கட்டுங்க, என்னா இப்ப.”

உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னாள். குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வார்டுக்கு வெளியே வந்தபோது போன் அடித்தது. சக்கரபாணி. பயிற்சி முடிந்து வந்துவிட்டாராம். குரலில் சிரிப்பு.

“தலைவரம்மா, நல்ல செய்தி. ஒன்பது ஊர்ல உங்க ஊர்தான் சிறந்த ஒத்துழைப்புக்குத் தேர்வாகி இருக்குது. மத்த ஊர் கழிப்பறைல எல்லாம் அடைப்பு, நாத்தம், கதவு போச்சுன்னு புகார் மேல புகார். உங்க ஊர்ல ஒரு புகார் கிடையாது. கட்டின மாதிரியே புதுசா இருக்குது. இப்படிப் பராமரிக்கிற தலைவர நான் பார்த்ததில்ல. விழாவுல மேடைல உங்களுக்குக் கேடயம்.”

“சரிங்க சார்” என்றேன். பழக்கத்தில் நன்றியும் சொன்னேன்.

பஸ் ஏறி நேராகக் கொட்டகைக்கு வந்தேன். நடுமதியம். அடைத்த குழாயை நானே திறந்தேன். தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன். பூட்டைத் திறந்து கதவை இரண்டு பக்கமும் தள்ளி வைத்தேன். கொட்டகைக்குள்ளிருந்து பெண்கள் பார்த்தார்கள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. வந்தவர்கள் உள்ளே போகவில்லை. முந்தானையால் முகம் துடைத்து, தலையைக் கோதிக்கொண்டு, வாசலில் உயரப்படி வரிசையாக நின்றார்கள். குள்ளமானவர்கள் முன்னால்.

“ஏம்மா நிக்கறீங்க, போங்க” என்றேன்.

முதலில் நின்ற வளர்மதி, என் இடத்தில் இப்போது கண் எழுதுகிறவள், “போட்டோவுக்குத்தானுங்க மேடம்?” என்றாள். “போன மாசம் அந்த அளக்கற சார் வந்து இப்பிடித்தான் நிக்க வெச்சாரு. உள்ள போவக்கூடாது, வாசல்ல நின்னா போதும், பயனடைஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சிக்குங்கன்னாரு. சிரிக்கணுமாங்க?”

நாற்பத்துச் சொச்சம் முகங்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தன.

“போட்டோ இல்ல” என்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. “பூவாயியக்கா சாவி கேட்டுச்சு. போன வாரம். நான் குடுக்கல. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. மாவட்டத்துல யாரும் குடுக்காதன்னு சொல்லல. நாந்தான் குடுக்கல. இப்ப அது ஆஸ்பத்திரில கெடக்குது.”

சிரிப்பு ஒவ்வொரு முகமாக இறங்கியது. வளர்மதி வாளியை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டி உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். அதற்குப் பின்னால் மூன்று பேர், மற்ற மூன்று கதவுகள். வாசல் வழியாக வழிந்து வந்த தண்ணீர் சின்னத்தின் அடியைத் தொட்டு, வெள்ளைப் பெயின்ட்டுக்குக் கீழே மண் பழுப்பாக ஊறத் தொடங்கியது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் போட்டோவுக்கு நின்ற வரிசையைக் கலைத்து, அவசரம் உள்ளவர்களை முன்னால் விட்டு, வேறு வரிசையாக நின்றார்கள்.

காலையில் ஊரிலிருந்து கிளம்பிய நானும், ஆஸ்பத்திரியில் கழிப்பறை எங்கே என்று யாரிடமும் கேட்கக் கூசி, அதுவரை எங்கும் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.